மூன்றாவது பிள்ளையும் தங்கவில்லை என்றால் தகட்டுக்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆண்கள்தான் முக்கியமாக வாசிக்க வேண்டும். "இது பொம்புளைகளின் விசயம்" என்று தள்ளிவிட்டுப் போக வேண்டாம்.

எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு முதல் கரு கலைந்தால் "அல்லாஹ்வின் நாட்டம், அடுத்தது நல்லபடியா வரும்" என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். இரண்டாவதும் கலைந்தால் பேச்சு குறையும். மூன்றாவதும் போனால் பேச்சு மறுபடி தொடங்கும், ஆனால் அது ஆறுதல் இல்லை. கண்ணூறு என்பார்கள், செய்வினை என்பார்கள், கலியாண வீட்டில் யாரோ பார்த்த பார்வை என்பார்கள். தண்ணி ஓதி, நூல் கட்டி, எங்கிருந்தோ ஒருவரைக் கூட்டிவந்து வளவு மூலையைத் தோண்டி ஒரு தகட்டையும் எடுத்துக் காட்டுவார்கள். அந்தத் தகட்டுக்குக் கொடுக்கும் காசு சில வேளை ஒரு ஆசிரியரின் அரை மாதச் சம்பளம். அதற்கும் சரிவரவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு இன்னொரு பெண் பார்க்கும் பேச்சு மெல்ல ஆரம்பிக்கும். சில கதைகள் காதியார் முன்னால் போய்த்தான் முடிகின்றன.

துஆ கேட்பதையும் குர்ஆன் ஓதிப் பார்ப்பதையும் நான் குறை சொல்லவில்லை. அது எங்கள் ஈமானோடு பட்டது. நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தான். என்னுடைய கோபமெல்லாம், இவ்வளவு ஓட்டத்திலும் அந்தப் பெண்ணின் இரத்தத்தை ஒருவரும் பார்க்கவில்லையே என்பதில்தான்.

பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் உடம்பு கிருமிகளை எதிர்க்கப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் என்று பத்தாம், பதினோராம் வகுப்பில் எல்லோரும் படித்திருப்பீர்கள். சிலருடைய உடம்பு ஆள் மாறிப்போய், சொந்தக் கலங்களின் மென்சவ்விலுள்ள பொஸ்போலிப்பிட்டுகளுக்கும் அவற்றோடு ஒட்டியிருக்கும் புரதங்களுக்கும் எதிராகவே பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடும். அப்படியானவர்களுக்கு இரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையும். காலில் உறைந்தால் கால் வீங்கும். அது சுவாசப்பைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூளையில் உறைந்தால் முப்பது வயதிலேயே பாரிசவாதம் வரும். கர்ப்பிணியாக இருந்தால் இந்தப் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைத் தாக்கும். அங்கே இரத்தத்தை உறைய வைப்பது மட்டுமல்ல, சூல்வித்தகம் ஒழுங்காகப் பதிந்து வளர்வதையே கெடுத்துவிடும். அதனால் கரு கலையும், அல்லது ஐந்து ஆறு மாதம் வளர்ந்த பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மௌத்தாகிவிடும், அல்லது தாய்க்குப் பிரசர் ஏறி நாளாக முன்பே பிள்ளையை எடுக்க வேண்டி வரும்.

இதற்கு அன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ். என்று பெயர். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற வைத்தியர் இதைத் தெளிவாக விவரித்தார். அதனால் ஹியூஸ் சின்ட்ரோம் என்றும் சொல்வார்கள். லூப்பஸ் நோயாளிகளுக்கு இது வரலாம். வேறு ஒரு நோயும் இல்லாத, பார்த்தால் நல்ல சுகதேகியான பெண்ணுக்கும் வரலாம். கரு கலைவதைத் தவிர வேறு ஒரு அறிகுறியும் இல்லாமலேயே இருக்கலாம். இதனால்தான் "அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பிறகு ஏன்?" என்று சனம் வேறு காரணம் தேடுகிறது.

பரிசோதனை மூன்று. அன்டிகார்டியோலிப்பின், அன்டி பீட்டா 2 கிளைக்கோபுரதம், லூப்பஸ் அன்டிகோகுலன்ட். மூன்றும் கையில் எடுக்கும் சாதாரண இரத்த மாதிரியில்தான் செய்யப்படுகின்றன.

மூன்றாவதைப் பற்றி வேளாண்மைக்காரர்களுக்கு ஒரு செய்தி. வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொஞ்ச இரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த விஷம் உடம்புக்குள் உறைதல் காரணிகளையெல்லாம் தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுவதால்தான் பிறகு இரத்தம் நில்லாமல் ஓடுகிறது. அதே கண்ணாடி விரியனின் விஷத்தை மிக மிக ஐதாக்கி, ஆய்வுகூடத்தில் இந்தப் பெண்களின் இரத்தத் திரவவிழையத்தில் சேர்த்து, உறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். உறைவதற்குப் பொஸ்போலிப்பிட்டு வேண்டும். பிறபொருளெதிரி அதை மறித்துக்கொண்டிருந்தால் நேரம் இழுபடும். குழாய்க்குள் மெதுவாக உறையும் இரத்தம் உடம்புக்குள் வேகமாக உறைகிறது. இந்த முரண்பாட்டால் அந்தப் பரிசோதனையின் பெயரே பிழையான பெயராகப் போய்விட்டது. அன்டிகோகுலன்ட் என்றால் உறையாமல் தடுப்பது. ஆனால் இது உறைய வைக்கிற சாமான். ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு "இவளுக்கு இரத்தம் உறையாதாம்" என்று யாராவது வட்ஸ்அப்பில் விளக்கம் தந்தால் நம்ப வேண்டாம்.

ஒருமுறை பொசிட்டிவ் வந்தால் உடனே முடிவு கட்டவும் கூடாது. காய்ச்சல், தொற்று ஏதாவது வந்து போனாலும் இந்தப் பிறபொருளெதிரிகள் கொஞ்ச நாளைக்குத் தலைகாட்டிவிட்டு மறையும். அதனால் குறைந்தது 12 கிழமை கழித்து மறுபடியும் எடுத்து, அப்போதும் இருந்தால்தான் ஏ.பி.எஸ். என்று சொல்வார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ பாவித்துக்கொண்டிருந்தால் லூப்பஸ் அன்டிகோகுலன்ட் முடிவு குழம்பும், கர்ப்ப காலத்திலும் பிழைக்கலாம். ஆகவே இரத்தம் கொடுக்கும்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லோரும் நாளைக் காலையில் லேப் வாசலில் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒரு கரு கலைவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் அந்தக் கருவின் நிறமூர்த்தங்களில் உள்ள பிசகுதான் காரணம், தாயின் பிழை அல்ல. மூன்று முறை தொடர்ந்து கலைந்தவர்களும், பத்து வாரத்துக்கு மேல் வளர்ந்த பிள்ளையைக் காரணம் தெரியாமல் ஒரு தடவையாவது இழந்தவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு தடவை கலைந்தாலே பார்க்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டல். அப்படித் திரும்பத் திரும்பக் கலைபவர்களில் ஏறக்குறைய 15 சதவீதமானவர்களிடம் இந்தப் பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. மற்ற 85 பேருக்கு வேறு காரணம் இருக்கலாம், காரணமே அகப்படாமலும் போகலாம். ஆனால் இந்த 15 பேருக்கு மருந்து இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

லண்டனில் 90 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. எல்லோரும் மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகளை இழந்தவர்கள், எல்லோருக்கும் இந்தப் பிறபொருளெதிரி இருந்தது. பாதிப் பேருக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் மட்டும், பாதிப் பேருக்கு அஸ்பிரினோடு ஹெபரின் ஊசியும். அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதமானோர் உயிரோடு பிள்ளை பெற்றார்கள். ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம். தகடு எடுப்பவர் யாரும் இப்படிக் கணக்குக் காட்டுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, என்னிடம் படித்தவள். மூன்றை இழந்தாள். மூன்றாவது ஆறு மாதம். வாப்பாக்காரன் அதைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோனார். வேறு ஊரில் ஒரு வீ.ஓ.ஜி. டொக்டர் பழைய கிளினிக் அட்டைகளையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு இந்தப் பரிசோதனைகளை எழுதிக்கொடுத்தார். இரண்டு தடவையும் பொசிட்டிவ். அடுத்த கர்ப்பத்துக்கு அஸ்பிரினும் தினமும் வயிற்றுத் தோலில் போடும் ஊசியும் என்றார். அங்கேதான் பிரச்சினை வந்தது. "அது பன்றியில் எடுத்த மருந்து, ஹராம்" என்று குடும்பத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு கிழமை ஊசி போடாமல் வீட்டில் விவாதம் நடந்தது. வயிற்றில் பிள்ளையோடு அவள் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உண்மைதான். ஹெபரினும், அதிலிருந்து செய்யும் எனொக்சபரினும் பன்றியின் குடல் சவ்விலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. டொக்டர்மார் சொல்லாமல் விட்டால் பிறகு வேறொருவர் சொல்லி அந்தப் பெண் பாதியில் நிறுத்துவாள். அதைவிட முதலிலேயே சொல்லி, மார்க்கத்தின் பதிலையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பதில் இருக்கிறது. மக்காவில் ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் நடந்த தனது 17ஆவது அமர்வில் இந்த மருந்தையே பெயர் சொல்லி ஆராய்ந்தது. ஈடாகக்கூடிய ஆகுமான மாற்று மருந்து இல்லாதபோது பாவிக்கலாம், தேவைக்கு மேல் போகக்கூடாது, சுத்தமான மாற்று கிடைத்தால் அதற்கு மாற வேண்டும் என்பது அதன் முடிவு. பகறா ஸூராவின் 173ஆம் வசனத்திலுள்ள நிர்ப்பந்த நிலையின் சட்டத்தை உலமாக்கள் இதற்கும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஃபொண்டபரினக்ஸ் என்று முழுக்கச் செயற்கையான ஒரு மருந்தும் இருக்கிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் அதைப் பாவித்த அனுபவம் குறைவு. பொருந்துமா என்று டொக்டரிடம் கேட்கலாம், நாமாக மாற்றக்கூடாது. நோன்பு காலத்தில் ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்ற கேள்விக்கும் 1997இல் ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி பதில் சொல்லிவிட்டது. தோலிலும் தசையிலும் போடும் மருந்து ஊசி நோன்பை முறிக்காது.

எங்கள் கதீப்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவில் பத்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் மாமாவும் மச்சானும் ஃபத்வா கொடுப்பதை நிறுத்த அது ஒன்றே போதும்.

இன்னொரு விசயம், இது மானத்தோடு பட்டது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எங்கள் நாட்டுக் கிளினிக்கில் வீ.டி.ஆர்.எல். என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சிபிலிஸ் என்ற பாலியல் நோயைக் கண்டுபிடிக்க. நல்ல திட்டம். தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்ததும் இதனால்தான். ஆனால் அந்தப் பரிசோதனையில் பாவிக்கும் பொருளில் கார்டியோலிப்பின் இருக்கிறது. ஏ.பி.எஸ். உள்ள பெண்ணின் பிறபொருளெதிரி அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். நோயே இல்லாமல் ரிப்போர்ட் பொசிட்டிவ் என்று வரும். வேறு காரணங்களாலும், சில வேளை கர்ப்பத்தாலேயேகூட, அப்படி வரலாம். அதனால்தான் இரண்டாவதாக ஓர் உறுதிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அந்த முடிவு வருமுன் முதல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று யோசித்துப் பாருங்கள். அவதூறுக்கு எங்கள் மார்க்கத்தில் என்ன தண்டனை என்று தெரியாதவர்களா நாங்கள்? கிளினிக்கில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளும் அந்த வார்த்தையை வாசலில் நின்று சத்தமாகச் சொல்லக்கூடாது.

ஏ.பி.எஸ். என்று தெரிந்த பெண்கள் பிள்ளை கிடைத்ததோடு மறந்துவிடக் கூடாது. ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவர்களுக்குச் சரிவராது. குடும்ப நல மிஸ்ஸியிடம் நோயின் பெயரைச் சொல்லி வேறு முறை கேளுங்கள். ஹஜ், உம்றாவுக்குப் போகும்போது மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிக் குடிக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஃபார்மசியில் கேட்டால் தருகிறார்கள். நீண்ட நேர விமானப் பயணமும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் இவர்களுக்கு ஆபத்து. டொக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

காசு? மூன்று பரிசோதனையையும் தனியாரில் எடுத்தால் பல ஆயிரம் போகும், அதையே மூன்று மாதத்தில் திரும்பவும் எடுக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் முதலில் கேளுங்கள், தேவை என்றால் அவர்களே வழி சொல்வார்கள். ஆனாலும் மீன்பிடிக்கும் குடும்பத்துக்கும் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கும் பஸ் காசே சுமைதான். எங்கள் பள்ளிவாசல்களில் ஸகாத் நிதியம் இருக்கிறது. தையல் மெஷின் கொடுக்கிறோம், ஆடு கொடுக்கிறோம், நல்லது. ஏழைப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் வருடத்துக்கு ஒரு தொகையை ஒதுக்குவதில் என்ன தடை? நிர்வாகத்தில் இருப்பவர்கள் கீழே பதில் எழுதுங்கள், பேசலாம்.

போகும்போது பழைய கிளினிக் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், கலைந்தபோது தந்த டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். "ராசியில்லாத சாமான்" என்று எரித்துவிடும் உம்மாமார் இருக்கிறார்கள். எத்தனை வாரத்தில் போனது என்ற அந்த ஒரு வரியை வைத்துத்தான் டொக்டர் அடுத்த முடிவை எடுப்பார். மாப்பிள்ளைமாரும் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்காமல் கூடவே உள்ளே போங்கள். ஊசி எப்படிப் போடுவது என்று கிளினிக்கில் காட்டித் தருவார்கள். ஏழெட்டு மாதம் தினமும் போட வேண்டிய ஊசி அது, நீங்களும் பழகிக்கொள்ளலாம்.