ஏழு பேரும் நாற்பத்திரண்டு பேரும்

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் என்றதும் எல்லோரும் அங்கே வாழ்ந்த மேதைகளின் பெயர்களை அடுக்குவார்கள். எனக்கோ இரண்டு எண்கள்தான் முதலில் நினைவுக்கு வரும்: 7, 42.

முதல் எண் 1837ஆம் ஆண்டுக்கு உரியது. பிரிட்டன் அரசராகவும் ஹனோவரின் அதிபதியாகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம் அப்போதுதான் நூற்றாண்டு விழா கொண்டாடியிருந்தது. ஹனோவரில் புதிதாகப் பட்டத்துக்கு வந்த எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், நாட்டின் அரசியல் சாசனத்தையே ரத்து செய்தார். அந்தச் சாசனத்தின்மேல் செய்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று ஏழு பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அதில் இருந்தார்கள். கணித மேதை காஸுடன் சேர்ந்து ஊர்க் கூரைகளின் மேல் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பிய வெபரும் இருந்தார். ஏழு பேருக்கும் வேலை போயிற்று; மூவரை நாட்டை விட்டே துரத்தினார்கள். காஸ் கையெழுத்திடவில்லை. அவருடைய மருமகன் ஏவால்ட் இட்டார்.

அந்தத் துணிச்சல் அந்த ஊரின் பெருமையாக நிலைத்தது. அதே ஊர்தான் 1915இல் கணித மேதை எம்மி நோதரை வாசலிலேயே நிறுத்தியது. அங்கே கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஹில்பர்ட்டும் கிளைனும் அழைத்து வந்தவர் அவர். பெண் என்பதால் பாடம் நடத்தும் உரிமை கிடையாது என்று மற்றத் துறைகளின் பேராசிரியர்கள் அடம்பிடித்தார்கள். ஹில்பர்ட் ஒரு வழி செய்தார். பாட அறிவிப்பில் இப்படி இருந்தது: ஆசிரியர் ஹில்பர்ட்; உதவி டாக்டர் நோதர்; திங்கட்கிழமை 4 முதல் 6 மணி வரை; கட்டணம் இல்லை. பாடம் நடத்தியது நோதர். இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் மாறாதிருப்பதால்தான் ஆற்றல் அழியாதிருக்கிறது என்பதைக் கணிதமாக நிறுவிய தேற்றத்தை 1918இல் அவர் வெளியிட்டபோது, அந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. இன்றைய இயற்பியல் அந்தத் தேற்றத்தின் மேல் நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1933 ஏப்ரல் 7. யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தை ஹிட்லர் அரசு கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் களத்தில் நின்றவர் என்பதால் கோட்டிங்கன் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்குக்கு விலக்கு உண்டு. நோபல் பரிசு பெற்ற அவர், எனக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று ராஜினாமா செய்தார். ஒரே வாரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் 42 ஆசிரியர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். ஃபிராங்குக்கு ஆதரவாக அல்ல. அவர் செய்தது நாசவேலை என்றும், களையெடுப்பை அரசு விரைவுபடுத்த வேண்டும் என்றும். அடுத்து ஆறு பேர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். நோதர், இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன், கணிதவியலாளர் கூரன்ட் ஆகியோர் அதில் அடக்கம். கூரன்ட் முன்நின்று கட்டிய கணித நிறுவனம் திறந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை.

நோதர் வீட்டிலேயே வகுப்பைத் தொடர்ந்தார். ஒரு மாணவர் நாஜிப் படைச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போன நோதர், 1935இல் காலமானார்.

போர்னின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. திருச்சிக்காரரான சர் சி. வி. ராமன் அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். துரத்தப்பட்டவர்களில் சிறந்தவர்களை இங்கே கொண்டுவர வேண்டும் என்று துடித்தவர். 1935இல் போர்ன் வந்து ஆறு மாதம் தங்கினார். அவருக்கு நிரந்தரப் பதவி வாங்கித்தர ராமன் போராடினார். நிறுவனத்துக்குள்ளிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. போர்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். குவாண்டம் இயற்பியலுக்காக 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராமன் நினைத்தது மட்டும் நடந்திருந்தால், நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தலைமுறை அவரிடம் நேராகப் பாடம் கேட்டிருப்பார்கள்.