கைமணம் என்னும் பொய்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குக் காரியம். படையல் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது மூத்த மகன் கண் கலங்கிச் சொன்னார்: "எங்கம்மா வெக்கிற கருவாட்டுக் கொழம்பு இனிமே இந்த ஜென்மத்துல கெடைக்காதுண்ணே. அந்தக் கைமணம் அவங்களோடயே போயிடுச்சு." பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

அப்போது எங்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. இருபத்தேழு வருஷமாக அந்த மாமியாரோடு ஒரே அடுப்படியில் நின்றவர். பெரியம்மாவுக்குக் கண் மங்கிப்போன கடைசி நான்கு வருஷமும் அந்தக் குழம்பை வைத்தது இவர்தான். அன்று மாலை பின்கட்டில் பாத்திரம் துலக்கும்போது என் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், மருமகள் வைப்பார், சாப்பிடுகிற மகன் "அம்மா கைமணமே தனி" என்பார். ஒருநாளும் மருமகள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கைமணம் என்ற நம்பிக்கையை நாமெல்லாம் பாசத்தின் பேரால் வளர்த்துவிட்டோம். அது உண்மையில்லை என்பதோடு, வீட்டில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது பெரிய அநியாயமும் செய்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆரணி. ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஆரணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது திருவண்ணாமலை மாவட்டம். நாங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பிச்சாட்டூர்ப் பக்கமிருந்து வந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் தாண்டிப் பழவேற்காடு ஏரியில் போய்ச் சேருகிற ஆரணியாற்றங்கரை. ஒரு பக்கம் நெல்லும் வேர்க்கடலையும், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. பழவேற்காட்டு எறாவும் கருவாடும் எங்கள் ஊர்ச் சட்டிகளுக்கு அந்நியமில்லை. ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கருவாட்டுக் குழம்பின் வாசனை தெரு முழுக்க நிற்கும். அந்த வாசனையை நான் குறைத்துப் பேசவில்லை. என் உடம்பில் ஓடுவதே அதுதான்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் போடுகிற தாளிப்பு வடகத்திலிருந்து வருகிறது. என் அம்மா போடுவதைப் பத்து வயதில் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்து ஒன்றிரண்டாக இடிப்பாள். உரிப்பதற்கே ஒரு பகல் ஆகும். விரல் நுனியெல்லாம் காந்தும். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைப்பாள். மறுநாள் பிழிந்து பழைய வேட்டியில் காயப்போடுவாள். சாயங்காலம் அள்ளி, பிழிந்த சாற்றிலேயே மறுபடி போட்டுப் பிசைவாள். மறுநாள் மறுபடி வெயில். சாறு வற்றும்வரை இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி, உள்ளங்கையில் இறுக்கி உருண்டை பிடித்து, அதையும் காயவைத்து ஜாடியில் எடுத்து வைப்பாள். ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அந்த நாள்களில் காக்கை விரட்ட மாடியில் உட்கார்ந்திருந்தது நான். அதற்கே எனக்குத் தலைவலி வரும்.

குழம்பு கொதிக்கும்போது அந்த உருண்டையில் ஒரு சிட்டிகை கிள்ளி நல்லெண்ணெயில் போடுகிறாள். சடசடவென்று பொரிந்து வாசனை கிளம்புகிறது. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "கைமணம்" என்கிறார். பத்து நாள் வெயில், பத்து நாள் முதுகுவலி, எந்தப் பதத்தில் பிழிவது என்று இருபது வருஷமாகத் தவறிப்போய்த் தவறிப்போய்க் கற்றுக்கொண்ட அறிவு, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். தச்சர் செய்த கதவை யாராவது கைமணம் என்கிறோமா? தொழில் தெரிந்தவர் என்கிறோம். அம்மா செய்ததை மட்டும் பிறவியிலேயே விரலில் ஒட்டிக்கொண்டு வந்த வரம் என்கிறோம். வரமென்று சொல்லிவிட்டால் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, யாரும் மாற்றிவிட வேண்டியதில்லை, அவள் ஓய்வு கேட்கவும் முடியாது.

விறகடுப்பு ருசியைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறார்கள். எங்கள் பக்கம் சவுக்குத் தோப்பு அதிகம். சவுக்கு மிலாறும் வரட்டியும்தான் என் சிறுவயது அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாது. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி அம்மா கண் சிவந்து வெளியே வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டு நிற்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையை அதிகம் மூச்சில் வாங்குகிறவர்கள் பெண்களும் குழந்தைகளும். விறகடுப்பு ருசியே தனி என்று இன்று ஏங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் புகைக்கு எதிரில் உட்கார்ந்தவர்கள்?

அம்மிக்கும் ஆட்டாங்கல்லுக்கும் இதே ஏக்கம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது எங்கள் மாவட்டத்துக் காக்களூரில்தான். ஓட்டுக்காகக் கொடுத்தது என்றார்கள், மக்களைச் சோம்பேறியாக்கும் என்றார்கள். இட்லிக்கு மாவாட்டி முடிக்க என் அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரமாகும். கிரைண்டர் வந்த பிறகு அந்த நேரத்தில் அவள் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தி படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பவள், தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை விடமாட்டாள். இட்லியில் ருசி ஏதாவது குறைந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் கூடியது தெரிந்தது.

இப்போது சிப்காட் காலம். "பொம்பளைங்க கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சாங்க, வீட்டுச் சாப்பாடு போச்சு" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அதிகாலையில் மெயின்ரோட்டுக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற, விடியாத இருட்டில் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். மூன்றரைக்கு எழுந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் டப்பா கட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து ராத்திரிச் சமையலைத் தொடங்குவார்கள். ஷிப்டு பார்த்தவன் நான். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் படுத்துக்கொண்டதுதான். எனக்குக் கிடைத்த அந்த உரிமை ஏன் என் மனைவிக்குக் கிடைக்கவில்லை என்று பல வருஷம் நான் யோசிக்கவே இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமென்று நினைக்க வேண்டாம். 2019-இல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு நாளின் நேரத்தை மக்கள் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். செய்கிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், செய்கிற ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தை வரம் என்றும் பாசம் என்றும் பெயர் மாற்றினால் கணக்கில் வராமல் போய்விடுமா?

ஆணுக்குச் சமையல் வராது என்று சொல்லவும் வழியில்லை. நம் கல்யாணங்களுக்கு ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் யார்? பிரியாணிக் கடையில் தம் போடுபவர் யார்? பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்பவர் யார்? கூலி கிடைக்கும் இடத்தில் வருகிற கைமணம் வீட்டில் ஏன் வருவதில்லை? கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஒரு அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் முறை போட்டுச் சமைக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பையன் ஒருவனின் அறைக்குப் போயிருந்தேன். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். வீடியோ காலில் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு உருளைக்கிழங்குக் குழம்பில் கடுகெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அங்கிருந்து கை காட்டிக் காட்டிச் சொல்ல, இவன் இங்கே கிண்டுகிறான். தட்டில் போட்டு எனக்கும் கொடுத்தான். நன்றாக இருந்தது. ஆயிரம் மைல் தாண்டி ஒரு தாயின் சமையல் மகன் கையில் வந்து சேர்ந்துவிட்டது. அவன் கேட்டான், அதனால் வந்தது. நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கேட்டதில்லை.

நாடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறக்கிறது. கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு ஒன்றில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அதே வருஷம் செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தது. தொகை சிறியதுதான், பேர் சரியானது. பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபோதும், வீட்டில் அம்மா கையால் சாப்பிட வேண்டிய பிள்ளைகள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிற தாயைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பள்ளியில் சூடாகப் பொங்கல் சாப்பிடுகிறது என்பதில் அவளுக்கு எத்தனை நிம்மதி என்று சொல்வாள்.

வீட்டுச் சாப்பாட்டின் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. பௌர்ணமி ராத்திரியில் மொட்டை மாடியில் எங்கள் ஐந்து பேரையும் வட்டமாக உட்காரவைத்து, பெரிய குண்டானில் பழையதும் குழம்பும் பிசைந்து அம்மா உருட்டி உருட்டிக் கையில் கொடுப்பாள். நீட்டிய கைகள் சும்மா இருக்காது. "எனக்குப் பெருசு, உனக்குச் சின்னது" என்று சண்டை நடக்கும். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விருந்தை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் கடைசி உருண்டையைக் கொடுத்துவிட்டுக் குண்டானை வழித்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்தவள் அவள்தான். அது அவளுடைய ராத்திரிச் சாப்பாடு. "எனக்குப் பசிக்கலடா" என்பாள். நாங்கள் நம்பினோம். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. என் நினைவில் அது நிலாச்சோறு, அவள் நினைவில் அது என்னவாக இருந்தது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. இந்தச் சித்திரையில் வடகம் நான் போட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். முதல் தடவை சாறு சரியாகப் பிழியாமல் பூஞ்சை பூத்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கண்ணளவு" என்பாள். அவள் அள்ளிப் போடுவதற்கு முன்னால் கிண்ணத்தில் வாங்கி அளந்து நோட்டில் எழுதினேன். இரண்டு கிலோ வெங்காயத்துக்கு எத்தனை கைப்பிடி என்று இப்போது என்னிடம் கணக்கு இருக்கிறது. என் மகனும் மகளும் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வருகிறவரே அதை ஆய்ந்து, புளி கரைத்து, குழம்பும் வைக்கட்டும். ருசி சரியில்லை என்றால் அடுத்த ஞாயிறும் வைக்கட்டும். முதல் தட்டை அம்மாவுக்குப் போடுங்கள். மனைவி வைத்த குழம்பு நன்றாக இருந்தால், அது யாரைப் போல இருக்கிறது என்று சொல்லாமல், அவர் பேரைச் சொல்லி நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.