ஊருக்கு லைட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

டொராண்டோவில் பைக் வைத்திருக்கிற தமிழனுக்கு ஏப்ரல் மாதம் இரண்டு காரணங்களுக்காகப் புத்தாண்டு. ஒன்று சித்திரை. இன்னொன்று, ஐந்து மாதமாகக் கராஜில் தூங்கிய வண்டியை வெளியே எடுக்கும் நாள். போன வருடம் அந்த நாளில் என் வண்டி முதல் பட்டனிலேயே ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் ஆகவில்லை. ஜம்ப் கொடுத்தேன், ஓடியது. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. ஒரு வாரம் வெளியே எடுக்காவிட்டால் செத்துப்போகும். பேட்டரிதான் பழுது என்று முடிவு செய்து புதுசு வாங்கிப் போட்டேன். அதுவும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டது.

நான் கோயம்புத்தூரில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். நான்கு வருடம் ஓம் விதி எழுதிப் பாஸ் ஆனேன். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாக ஐ.டி.யில் இருக்கிறேன். சர்வர் படுத்தால் முதலில் லாக்கைப் பார்ப்பேன். ஆனால் சொந்த வண்டி படுத்தபோது எதையும் அளக்காமல் பார்ட்ஸ் மாற்றினேன். இது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

கடைசியில் உதவியவர் ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் இருக்கிற ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபதை நெருங்குகிறது, பகலில் தொழிற்சாலை வேலை. வண்டியில் நான் பூட்டியிருந்த இரண்டு எல்.இ.டி. லைட்டையும், போன் சார்ஜரையும் பார்த்தார். "தம்பி, பேட்டரியைப் பிறகு பாப்பம். நீர் என்னென்ன பூட்டினீர் எண்டு முதல்ல சொல்லும்" என்றார்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தார். 40 மில்லிஆம்பியர் காட்டியது. நான் பேட்டரிக்கு நேராகக் கொடுத்திருந்த யு.எஸ்.பி. சார்ஜர், வண்டி தூங்கும்போதும் தூங்காமல் குடித்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. என் பேட்டரியின் கொள்ளளவே 8. ஒரு வாரத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

அடுத்து, லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் லைட்டின் எர்த் போல்ட்டுக்கும் இடையே வோல்டேஜ் அளந்தார். நல்ல இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு 1.9 இருந்தது. பெயின்ட் அடித்த பிராக்கெட்டில் எர்த்தை முறுக்கியிருந்தேன். பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் லைட்டின் நடுக்கம் நின்றது. "மீட்டர் பொய் சொல்லாது தம்பி. நீர்தான் அதைக் கேக்கேல்லை."

இதை எங்கே கற்றார் என்று கேட்டேன். சிரித்தார். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் மட்டுமல்ல, டார்ச் பேட்டரிகூட வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை அது. சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஒரு வாட்டைக்கூட வீணாக்க முடியாத இடத்தில் அவர் மின்சாரம் படித்தார். நான் ஏ.சி. ஹாலில் படித்தேன்.

இதுவரை சொன்னது என் வண்டிக் கதை. நான் எழுத வந்தது வேறு.

எனக்குப் பூட்டிய அதே மாதிரி இரண்டு லைட்டை நான் ஊருக்கும் அனுப்பியிருந்தேன், சித்தப்பா மகனுக்கு. அதே சாமான் அங்கேயே கிடைக்கும், விலையும் குறைவு. ஆனாலும் "கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பியது" என்றால் ஒரு மதிப்பு. ஊருக்குப் போகிற நண்பரின் பெட்டியில் போட்டு அனுப்பினேன். தம்பி பூட்டி, இருட்டில் வீடியோ எடுத்து அனுப்பினான். முருங்கைத் தோட்டம் முழுக்கப் பகல் போல இருந்தது. நானும் நெருப்பு எமோஜி போட்டேன்.

சில மாதம் கழித்து சித்தப்பா விழுந்துவிட்டார். ஒட்டன்சத்திரம் சந்தையில் காயைப் போட்டுவிட்டு டி.வி.எஸ். எக்செல்லில் இரவு திரும்பும்போது எதிரே ஒரு பைக் வந்திருக்கிறது. ரோட்டோரம் இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்ததில் காறை எலும்பு முறிந்துவிட்டது. போனில் கேட்டபோது, "யாரையும் குத்தம் சொல்ல முடியாது கண்ணு. வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது, ரோடு தெரியல" என்றார்.

அந்த பைக் தம்பியுடையது இல்லை. யாருடையது என்று தெரியாது. ஆனால் தம்பி எத்தனை சித்தப்பாக்களைக் கடந்து போயிருப்பான்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கூடுதல் லைட் கேட்கிறவர்கள் எல்லாரும் பந்தாவுக்காகக் கேட்பதில்லை. நம் ஊர்க் கிராமச் சாலையில் தெருவிளக்கு இல்லை. நாய், மாடு, மணல் குவியல், ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிரெய்லர். பழைய சின்ன வண்டிகளில் ஹெட்லைட் ஸ்டேட்டரிலிருந்து நேராக ஏ.சி. கரன்டில் எரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசிக்கும். மெதுவாகப் போனால், அதாவது பள்ளம் மேடு பார்த்துப் போக வேண்டிய இடத்தில், மங்கிவிடும். அதில் ஓட்டுகிறவன் நல்ல லைட் கேட்பது நியாயம்தான்.

இழப்பும் சின்னதில்லை. 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதல் மாநிலம் தமிழ்நாடு. இதில் கண் கூசி விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. சித்தப்பா மாதிரி விழுந்தால் போலீஸ் பதிவிலும் பெரும்பாலும் "கட்டுப்பாட்டை இழந்து" என்றுதான் வரும்.

சிக்கல் வெளிச்சம் அதிகமாக இருப்பதில் மட்டும் இல்லை. அது எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது. ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டர், அந்தச் சின்ன இழை எந்தப் புள்ளியில் இருக்குமோ அதைக் கணக்கிட்டுத்தான் வளைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறும். ரோட்டில் விழ வேண்டிய ஒளி சிதறி எதிராளி கண்ணில் விழும். ஓட்டுகிறவனுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரியும், ஆனால் தூரம் தெரியாது. தனியாகப் பூட்டுகிற லைட் பார் பலவற்றில் மேல் விளிம்பில் ஒளியை வெட்டுகிற அமைப்பே கிடையாது. அவை வயலிலும் காட்டிலும் எரியச் செய்யப்பட்டவை.

கண் கூசினால் பழைய நிலைக்குத் திரும்பச் சில வினாடிகள் ஆகும். வயதானால் இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் மூன்று வினாடியில் 50 மீட்டர். அந்த 50 மீட்டரை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார். அப்படி ஓட்ட வேண்டியவர் யார்? பெரிய காரில் போகிறவரைவிட, மங்கலான விளக்கோடு எக்செல்லிலோ சைக்கிளிலோ போகிறவர்தான். வசதியுள்ளவன் வெளிச்சம் வாங்கினால், வசதியில்லாதவன் அதற்குத் தன் கண்ணால் விலை கொடுக்கிறான்.

சட்டம் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒன்டாரியோவில் எதிரே வாகனம் 150 மீட்டருக்குள் வந்தால் லோ பீமுக்கு மாற வேண்டும். முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் 60 மீட்டருக்குள் போனாலும் அப்படியே. பைக்கில் முன் விளக்கும் பின் விளக்கும் பகலிலும் எரிய வேண்டும். இந்தியாவிலும் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிகிறது. ஒருகாலத்தில் நம் ஊரில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இலங்கையில் 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ், வாகனங்களில் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைக்கும் நடவடிக்கையைப் போலீஸ் தொடங்கியது. தனியார் பஸ்காரர்களும் ஆட்டோக்காரர்களும் எதிர்த்தார்கள்.

போலீஸ் கழற்றினால் மறுநாள் திரும்பப் பூட்டுவார்கள் என்பதுதான் என் கவலை. பூட்டுகிறவனுக்கு ஏன் என்று புரிய வேண்டும், எப்படிச் சரியாகப் பூட்டுவது என்றும் தெரிய வேண்டும். இது இரண்டையும் சொல்லக்கூடிய இடத்தில் வெளிநாட்டு உறவினர்கள் நாம் இருக்கிறோம். நம் பேச்சுக்கு ஊரில் இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். லைட்டை மட்டும் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அதோடு ஒரு மல்டிமீட்டர், ஒரு ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், வயர் முனையை நசுக்குகிற கிரிம்பிங் கருவி இவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அல்லது அந்தக் காசை ஊரிலேயே ஒரு நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்குக் கூலியாகக் கொடுங்கள். நாங்கள் கடைப்பிடித்தது இவ்வளவுதான்:

ஒன்று, ஹெட்லைட் வயரைச் சுரண்டி லைட்டுக்குக் கரன்ட் எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு, ரிலேவிலிருந்து லைட்டுக்கு. இரண்டு 20 வாட் லைட்டுக்கு மூன்றரை ஆம்பியர்கூட ஓடாது. 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. எனவே அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, ரிலேவை இயக்கும் சிக்னலை ஹை பீம் வயரிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது டிம் பண்ணினாலே கூடுதல் லைட்டும் அணைந்துவிடும். தனி சுவிட்ச் வைத்தால் அணைக்க மறந்துபோகும். மறக்காதவனும் அணைக்க மாட்டான். ஹெட்லைட் ஏ.சி.யில் எரிகிற பழைய வண்டியில் அந்த வயரில் ரிலே நடுங்கும். அங்கே வேலை தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

மூன்று, பூட்டியதும் சுவருக்கு 8 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, லைட் இருக்கும் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். பின்னால் மூட்டை ஏற்றினால் முன்விளக்கு மேலே தூக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

தம்பியிடம் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக் கொடுத்தவனே கழற்றச் சொல்வது எப்படி? "அப்பா விழுந்ததுக்கு என் லைட்டா காரணம்?" என்று கேட்டான். இல்லை என்றேன். "இன்னொரு வீட்டு அப்பாவுக்கு உன் லைட் காரணமாயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்." அன்றைக்குப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே வீடியோ காலில் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை, அங்கே மாலை. இந்தப் பக்கம் நானும் அண்ணையும், அந்தப் பக்கம் தம்பியும் ஊர் எலெக்ட்ரீஷியனும். யாழ்ப்பாணத் தமிழும் கொங்குத் தமிழும் எர்த் விஷயத்தில் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டன. அண்ணையின் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், ஓரமாக நின்று பார்த்தாள். அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்தப்பாவின் தோள் ஓரளவு சரியாகிவிட்டது. ஆனால் இருட்டின பிறகு வண்டி எடுப்பதில்லை. சந்தைக்குத் தம்பிதான் போகிறான். எதிரே ஆள் வந்தால் டிம் பண்ணுகிறேன் என்கிறான். நம்புகிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன்.