பட்டம் உண்டு, பத்திரம் இல்லை

பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் நம்மில் பலருக்கு வீட்டு அலமாரியில் கிடக்கும் சாதாரணப் பொருள்கள். அமெரிக்காவில் வளரும் லத்தீன் அமெரிக்க இளையோர் பலருக்கோ, குடிநுழைவு ஆவணம் இல்லாத ஒரே குறை வாழ்க்கையையே முடக்கிவிடுகிறது.

சமூகவியல் ஆய்வாளர் ரொபர்ட்டோ கொன்சாலெஸ், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் இத்தகைய 150 இளையோரைப் பற்றி 12 ஆண்டுகள் ஆய்வு நடத்தினார். அது நூலாகவும் வெளிவந்தது.

சிறு வயதில் பெற்றோருடன் வந்த இவர்கள், மற்ற பிள்ளைகளைப் போலவே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். குடிநுழைவுத் தகுதியைக் காட்டிப் பள்ளிக் கதவை மூடக்கூடாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அந்தப் பாதுகாப்பு பள்ளியோடு முடிந்துவிடுகிறது. 16, 17 வயதில் ஓட்டுநர் உரிமம், பகுதிநேர வேலை, கல்லூரி விண்ணப்பம் என ஒவ்வொன்றாகக் கேட்கப் போகும்போதுதான், தாங்கள் வேறு என்பது பலருக்குத் தெரியவருகிறது.

கல்லூரிக்குச் சென்றவர்களுக்கும் பாதியில் நின்றவர்களுக்கும் இடையே என்ன வேறுபாடு? உண்மையைத் துணிந்து சொல்லும் அளவுக்கு நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரோ ஆலோசகரோ சிலருக்கு அமைந்தார். மற்றவர்கள் அச்சத்தில் மௌனமாக இருந்தார்கள். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை.

ஆய்வின் கசப்பான முடிவு இனிமேல்தான். இருபதுகளின் இறுதியில், பட்டம் பெற்றவர்களில் பலரும் பள்ளியோடு நின்றவர்கள் செய்யும் அதே குறைந்த சம்பள வேலைகளுக்கே வந்து சேர்ந்தார்கள். பட்டம் இருந்தாலும் வேலை அனுமதி இல்லை.

பெற்றோர் சட்டத்தை மீறியதற்குப் பிள்ளைகளுக்கு ஏன் சலுகை என்று சிலர் கேட்கிறார்கள். எல்லையைக் கடக்கும் முடிவைப் பிள்ளைகள் எடுக்கவில்லை. அதோடு, 12 ஆண்டுகள் பொதுப்பணத்தில் கற்பித்துவிட்டு, கற்றதைப் பயன்படுத்தாதே என்பது நாட்டுக்கும் நட்டம்.

கலிபோர்னியா 2001இல் உள்ளூர் மாணவர் கட்டணத்தை இவர்களுக்கும் நீட்டித்தது. கூட்டரசின் கல்வி நிதியுதவி இன்றும் இவர்களுக்கு இல்லை. 2012இல் அதிபர் ஒபாமா தற்காலிக வேலை அனுமதி வழங்கினார். ஆனால், 2007 ஜூன் 15ஆம் தேதிக்குள் வந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இன்று கல்லூரி வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வரமாட்டார்கள். நிலையான சட்டம் ஒன்றே தீர்வு.

மாணவர்களே, சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால், விண்ணப்பப் பாரம் கொடுக்கும் நாளில் காரணம் சொல்லாமல் ஒதுங்கும் நண்பர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவரைக் கேலி செய்யாதீர்கள், ரகசியத்தைப் பரப்பாதீர்கள். நம்பகமான ஆசிரியரிடம் பேச அவருக்குத் துணை நில்லுங்கள். படிப்பைத் தொடர்வதா கைவிடுவதா என்பது அந்த ஒரு பேச்சில் முடிவாகலாம்.