நம்பிக்கை மட்டும் காவல் ஆகாது



வல்லத்திராக்கோட்டையானாலும் சரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் வேறெந்தச் சிற்றூரானாலும் சரி, காலைப் பொழுதில் நாம் காணும் காட்சி ஒன்றே. புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் கண்மாய்க் கரையோரமும் சாலையோரமுமாகப் பள்ளி நோக்கி நடக்கின்றனர். பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து வழியனுப்பும் கத்தோலிக்கத் தாய், "நம் கோயில் பள்ளிக்கூடந்தானே, சிஸ்டர்மார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நிம்மதியோடு தன் வேலைக்குத் திரும்புகிறாள். அந்த நம்பிக்கை, குருக்களும் கன்னியரும் தலைமுறை தலைமுறையாக உழைத்து ஈட்டிய செல்வம். அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் நம்பிக்கை வேறு, காவல் வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணலாகாது.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாளைத் தமிழகம் மறக்கவியலாது. அன்று கும்பகோணத்தில், ஓர் உதவிபெறும் தனியார் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு, கீற்று வேய்ந்த வகுப்பறைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். அக்கூரை இரவோடிரவாக முளைத்ததன்று. நாள்தோறும் பலர் கண்முன் நின்றதுதான். பள்ளியை நடத்தியவரும் கல்வித்துறை அலுவலரும் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகளெனத் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆனால் எந்தத் தீர்ப்பு அக்குழந்தைகளை வீடு திரும்பச் செய்யும்? இந்தத் துயரத்தை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது குழந்தையின் கல்வியுரிமையிலேயே அடங்கும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. எனவே, பள்ளியின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது குறை கூறுவதன்று; அது பெற்றோரின் உரிமை.

நம் மாவட்டத்துத் துயரம் ஒன்றும் உண்டு. 2023 பிப்ரவரி 15 அன்று, பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளியிலிருந்து கால்பந்துப் போட்டிக்குச் சென்ற மாணவியருள் நால்வர், மாயனூரில் காவிரியில் மூழ்கி உயிர் நீத்தனர். ஆசிரியரும் உடன் சென்றிருந்தனர். பெரியவர் உடனிருத்தல் மட்டும் போதாது, தண்ணீரருகே செல்லும் பிள்ளைமீது ஒருவர் கண் ஓயாது இருத்தல் வேண்டும் என்பதை இத்துயரம் நமக்கு உணர்த்துகிறது. கண்மாயும் கிணறும் நிறைந்த ஊர்களில் வாழும் நாம் இதை மறத்தலாகாது.

நெருப்பையும் நீரையும் கண்ணால் காணலாம். கண்ணுக்குப் புலப்படாத தீங்கும் உண்டு. பிள்ளைகளிடம் பாலியல் தீங்கு புரிவோர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். பிள்ளை அறிந்தவர், வீட்டார் நம்பியவர். உறவினராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். திருவுடை தரித்தவராகவும் இருக்கலாம் என்பதைத் திருச்சபை வேதனையோடு ஒப்புக்கொண்டுள்ளது. அதனாலன்றோ, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட சட்டத்தின் வழியாக, இத்தகைய புகார்களை ஏற்க ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒழுங்கு செய்யவேண்டும் என்றும், தீங்கை அறிந்த குருக்களும் துறவியரும் அதை மறைக்காது தெரிவிக்கவேண்டும் என்றும் பணித்தார். நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமோ, இக்கடமையை அனைவருக்கும் விதிக்கிறது. குற்றம் நடந்ததென அறிந்தவர் மட்டுமன்று, நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். நிறுவனத் தலைவர் தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை அறிந்தும் தெரிவியாது விட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "பங்கின் பெயர் கெட்டுவிடுமே, பள்ளியின் மானம் போய்விடுமே" என்று மூடி மறைப்பவர், யாருடைய மானத்தைக் காக்கிறார்? பிள்ளையினுடையதை அன்று.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? பெற்றோர் கூட்டத்தில் வாய்மூடி அமராது கேட்போம்: கழிவுநீர்த் தொட்டிக்கு உறுதியான மூடி உண்டா? வளாகத்துக் கிணற்றுக்குக் கம்பிவலை உண்டா? சமையற்கூடம் வகுப்பறையிலிருந்து தள்ளி உள்ளதா? மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கின்றனர்? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார்? "எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்" என்பது விடையாகாது. எல்லாருக்கும் உரிய வேலை எவருக்கும் உரியதன்று என ஆகிவிடும்.

வீட்டிலும் நமக்கு வேலையுண்டு. தன் உடல் தனக்குரியது என்பதையும், தகாத தொடுகையை எவரிடமும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் பிள்ளைக்குக் கற்பிப்போம். "பெரியவர்களைப் பற்றி இப்படிப் பேசாதே" என்று அதட்டிவிட்டால், அந்தப் பிள்ளை மறுமுறை வாய் திறவாது. திடீரெனப் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன், காரணத்தைக் கேட்போம். பிள்ளை சொல்வதை நம்புவோம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை வீட்டுச் சுவரிலும் பிள்ளையின் நெஞ்சிலும் எழுதிவைப்போம்.

திருக்குடும்பத்தின் காவலராம் புனித சூசையப்பர், குழந்தைக்கு ஆபத்து என்று கேட்ட அந்த இரவிலேயே எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். இறைவன் பார்த்துக்கொள்வார் என்று அவர் படுத்து உறங்கவில்லை. விடியட்டும் என்று காத்திருக்கவுமில்லை. நம் குடும்பங்களும் பள்ளிகளும் அவரிடம் கற்கவேண்டிய பாடம் அதுவே.