கொஞ்சம் இருட்டு வேண்டும்!



சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், போன தை மாதம் ஒரு நாள் இரவு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிக் கரண்ட் போய்விட்டது. டி.வி. இல்லை, ஃபேன் இல்லை. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். மேல் வீட்டுப் பையனும் வந்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அண்ணாந்து பார்த்தவன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இவ்வளவு நட்சத்திரம் எப்போ வந்துச்சு?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே மனசு கஷ்டமாகவும் இருந்தது. "இதெல்லாம் எப்பவும் இங்கேதான் இருக்குடா கண்ணு. நாமதான் விளக்கைப் போட்டு மறைச்சு வச்சிருக்கோம்" என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. தெருவே 'ஓ' என்று சந்தோஷமாகக் கத்தியது. அவன் மட்டும், "ஐயோ, போச்சே!" என்றான்.

அந்தப் பையனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா என்றால் எங்கே அழைத்துப் போகிறோம்? ஏற்காடு, மேட்டூர் அணை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால், வானத்தைப் பார்ப்பதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. அவற்றில் உலகம் அறிந்த ஓர் இடம் நம் சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கோளரங்கம் வேறு, வானாய்வு நிலையம் வேறு.

கோளரங்கம் என்பது கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற கூரை உள்ள ஓர் அரங்கம். சாய்ந்து உட்கார்ந்துகொண்டால், அந்தக் கூரையில் வானத்தைக் கருவி மூலம் காட்டுவார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 1988-ல் தொடங்கிய பிர்லா கோளரங்கம் இருக்கிறது. திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்திலும் கோளரங்கம் உண்டு. அங்கே பகல் 12 மணிக்கும் நட்சத்திரம் பார்க்கலாம். மழை பெய்தாலும் கவலை இல்லை. எந்த நட்சத்திரத்துக்கு என்ன பெயர், எது எந்த மாதம் எங்கே உதிக்கும் என்றெல்லாம் விளக்கிச் சொல்வார்கள். வானத்துக்கு அது 'அ, ஆ' வகுப்பு.

வானாய்வு நிலையத்தில் காட்டுவது நிஜ வானம். அது நாம் சொன்னபடி கேட்காது. மேகம் வந்தால் வந்ததுதான்.

நான் சொன்ன அந்த இடம் காவலூர். ஜவ்வாது மலையில் சுமார் 700 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. இப்போது திருப்பத்தூர் மாவட்டம். சேலத்திலிருந்து திருப்பத்தூர் போய், ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். அங்கே இருப்பது வைணு பாப்பு வானாய்வு நிலையம்.

யார் இந்த வைணு பாப்பு? 1927-ல் சென்னையில் பிறந்தவர். அவருடைய அப்பா ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். அதனால் சிறுவனாக இருந்தபோதே தொலைநோக்கி அவருக்குப் பழக்கம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 1949-ல், தான் எடுத்த வானத்துப் படம் ஒன்றில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றும் அந்த வால்நட்சத்திரத்தின் பெயரில் 'பாப்பு' இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் நாடு திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்துக்கு இயக்குநர் ஆனார். அது நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை ஆராய்ந்துவரும் இடம். ஆனால், கொடைக்கானலில் இரவில் மேகம் அதிகம். நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் வேண்டும் என்று தென்னிந்தியா முழுவதும் தேடினார். ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். பெரிய ஊர்களின் வெளிச்சம் இல்லாத இருட்டு ஒரு காரணம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது இன்னொரு காரணம்.

1968-ல் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே வேலை தொடங்கியது. அதன் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலம்தான். 1972-ல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவின் பெரிய ஆசை, ஒரு பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது. அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஆனால், அது முடிவதற்குள் 1982-ல் காலமானார். 1986 ஜனவரியில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

2.34 மீட்டர் என்றால் எவ்வளவு? ஆறடி ஆள் அந்தக் கண்ணாடிக்குக் குறுக்கே படுத்தாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். இருட்டில் நம் கண்மணி நன்றாக விரிந்தால் 7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் கண்ணைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வெளிச்சத்தை அது வாரிக்கொள்ளும்.

காவலூரில் நடந்த ஒரு கதை கேளுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகப் போகிறது என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியும். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். யுரேனஸ் அந்த நட்சத்திரத்தை நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. எது மறைத்தது? ஏதோ துணைக்கோள் என்று முதலில் நினைத்தார்கள். அதே நேரத்தில் விமானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க விஞ்ஞானிகளும், வேறு இடங்களில் பார்த்தவர்களும் இதே போல நட்சத்திரம் பல முறை மங்கியதைக் குறித்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது உண்மை புரிந்தது. சனிக்கு இருப்பது போல யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு! இதே காவலூரில்தான் 1988-ல் ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குப் பக்கத்து ஈரோட்டில் பிறந்த கணிதமேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது, 2005 ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, மாணவர்களைக் காவலூருக்கு வேனில் அழைத்துப் போனேன். பகலில் பெரிய தொலைநோக்கியைச் சுற்றிப் பார்த்தோம். இரவு, பார்வையாளர்களுக்கான சிறிய தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் நின்றோம். ஆனால் வானம் முழுக்க மேகம். அரை மணி, ஒரு மணி ஆனது. குளிர் வேறு. நாலு பையன்கள் வேனுக்குப் போய்த் தூங்கிவிட்டார்கள். சரி, தூங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

திடீரென்று கிழக்கே மேகம் விலகியது. தொலைநோக்கியைச் சனியின் பக்கம் திருப்பினார்கள். முதலில் பார்த்த பெண், "சார், உள்ளே படம் ஒட்டி வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு தெளிவாக வளையம் தெரிந்தது! தலைக்கு மேலும் மேகம் கலைந்தபோது, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் பஞ்சுத் துணுக்கு போல ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அது மக்ஹோல்ஸ் வால்நட்சத்திரம். அந்த வாரம் அது அந்த இடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. இனி நம் வாழ்நாளில் அது திரும்பி வராது. வேனில் தூங்கியவர்களை எழுப்பி அழைத்து வருவதற்குள் மேகம் மறுபடி மூடிவிட்டது. அந்த நாலு முகங்களும் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர்களை முன்பே எழுப்பி உட்கார வைத்திருக்க வேண்டியது நான்தான்.

நீங்கள் போகும்போது காத்திருக்கத் தயாராகப் போங்கள். பார்வையாளர்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கிறார்கள். கிளம்பும் முன் பெரியவர்கள் மூலம் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து, ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. அமாவாசையை ஒட்டிப் போனால் நட்சத்திரம் நிறையத் தெரியும். நிலாவின் பள்ளங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வளர்பிறையில் பாதி நிலா நாளாகப் பார்த்துப் போங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். அங்கே போய் டார்ச்சையும் செல்போனையும் அடிக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு வெளிச்சம் பட்டால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இன்னொன்று மிக முக்கியம். தொலைநோக்கி, பைனாகுலர் எதன் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். காவலூரை இருட்டுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா? இன்று மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் வளர்ந்து, அந்த ஊர்களின் வெளிச்சம் காவலூர் வானத்தையும் தொடுகிறது. எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தாலும், வானம் வெளுத்துப் போனால் மங்கலான நட்சத்திரம் அதில் தெரியாது.

உங்கள் வீட்டு வானம் எப்படி என்று நீங்களே சோதிக்கலாம். தை மாதம் இரவு 8 மணிக்கு மாடிக்குப் போங்கள். கிழக்குப் பக்கம் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் சிவப்பாக ஒரு நட்சத்திரம் வரும். அது ரோகிணி. இன்னும் நீட்டினால், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, சின்னக் கொத்தாகக் கார்த்திகை. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் அல்லவா? நம் முன்னோர் வெறும் கண்ணால் ஆறு எண்ணியதால்தான் அதற்கு 'அறுமீன்' என்றே பெயர். நீங்கள் எத்தனை எண்ண முடிகிறது? எங்கள் தெருவில், விளக்குகள் எரியும்போது, வெறும் மங்கல் திட்டுதான் தெரிகிறது. கரண்ட் போன அன்று அந்தப் பையன் ஆறும் எண்ணினான். ராசிபுரம், வாழப்பாடி, சேந்தமங்கலம் பக்கம் பாட்டி வீடு இருந்தால், அங்கே கிராமத்தில் நின்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி நம் கண்ணுக்கு வந்து சேர சுமார் 440 ஆண்டுகள் ஆகின்றன. மதுரையில் நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் கிளம்பிய வெளிச்சம்! அவ்வளவு தூரம் வந்ததை, கடைசியில் நம் வீட்டு மாடி விளக்கு மறைத்துவிடுகிறது.

"அப்படியானால் தெருவிளக்கே வேண்டாமா தாத்தா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ராத்திரி வேலை முடிந்து வரும் அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வேண்டும். ஆனால் வெளிச்சம் விழ வேண்டியது ரோட்டில். வானத்தில் இல்லை. மேலே மூடி போட்டு, கீழே மட்டும் விழும்படி விளக்கை வைத்தால் ரோடும் தெரியும், வானமும் தெரியும். மின்சாரமும் மிச்சம். இது மற்ற உயிர்களுக்கும் நல்லது. நம் கடற்கரைகளில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள், கடல் என்று நினைத்து ரோட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து போய்ச் சாகின்றன.

முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். லடாக்கில் ஹான்லே என்ற ஊரில், 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டின் வானாய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. 2022-ல் அந்தப் பகுதியை இருள்வான் காப்பகம் என்று அறிவித்தார்கள். கிராம மக்களே ஜன்னலுக்குத் திரை போட்டு, விளக்குக்கு மூடி போட்டு, இருட்டைக் காக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு அவர்களே வானத்தைக் காட்டுகிறார்கள். நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இப்படி ஓர் இருள்வான் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

குழந்தைகளே, உங்களிடம் நான் கேட்பது மூன்று. அடுத்த சுற்றுலாவுக்குக் கோளரங்கமோ காவலூரோ போகலாம் என்று உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் மாடியில் அறுமீனை எண்ணி நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டு மாடியிலும் வாசலிலும் யாருக்கும் பயன்படாமல் எரியும் விளக்கு இருந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டு அணையுங்கள்.

எங்கள் வீட்டு மாடி விளக்கை இப்போது இரவு 8 மணிக்கு அணைத்துவிடுகிறோம். மேல் வீட்டுப் பையன்தான் சுவிட்ச் பொறுப்பாளர். நேற்று மூன்று எண்ணினான். பக்கத்து வீட்டு விளக்கும் அணைந்தால் நாலாவதும் தெரியும் என்கிறான். இன்று சாயங்காலம் போய்க் கேட்கப் போகிறோம்.

நீங்களும் கேட்பீர்கள்தானே?