எதிரேறும் மீன்கள்

ஐப்பசித் திங்களில் அடைமழை பெய்தால், மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலுள்ள கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். நிரம்பிய கண்மாயின் மிகைநீர் கலிங்கின் வழியாக வழிந்தோடும். ‘கண்மாய் மறுகால் பாய்கிறது’ என்று மக்கள் மகிழ்ந்து கூறுவர். அப்பொழுது கலிங்கின் கீழே ஓர் அரிய காட்சியைக் காணலாம். விழும் நீரை எதிர்த்துக் கெண்டைகள் வெள்ளியென மின்னித் துள்ளும். கெளுத்திகள் கல்லிடுக்கில் ஒதுங்கி நின்று, வேகம் தணிந்ததும் மேலே முந்தும். தாவி வீழ்வதும், வீழ்ந்தபின் மீண்டும் தாவுவதுமாக அவை ஓயாது முயலும்.

மீன்கள் இவ்வாறு எதிரேறுவது ஏன்? புதுவெள்ளமே அவற்றுக்கு இனம் பெருக்கும் காலத்தை அறிவிக்கின்றது. வெள்ளம் பரவிய புல்தரைகளிலும் வாய்க்கால்களிலும் நீர் ஆழமற்றது. குஞ்சுகளுக்கு வேண்டிய உணவு ஆங்கு மிகுதி. அவற்றை விழுங்கும் பெருமீன்களோ குறைவு. அத்தகைய இடம் நாடியே தாய்மீன் செல்கின்றது.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் என்னும் மீன் இதனினும் நெடும்பயணம் செய்கின்றது. ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்த அது, தான் பிறந்த ஆற்றின் நீர்மணத்தை அறிந்து அங்கேயே திரும்பி முட்டையிடும். கனடா நாட்டில் ஆடம்சு ஆற்றங்கரைப் பூங்காவிற்கு மக்கள் குடும்பத்துடன் சென்று இதனைக் கண்டு களிக்கின்றனர். தமிழ்நாட்டு மீன்களும் வியப்பில் குறைந்தவை அல்ல. பனையேறிக் கெண்டை நீரை விட்டு ஈரத்தரையிலும் ஊர்ந்து செல்லும். 1791-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இம்மீனைப் பனைமரத்தில் கண்டதாக டேனிஷ் படை அதிகாரி ஒருவர் எழுதி வைத்தார். விலாங்கோ சால்மனுக்கு மாறாக, ஆற்றில் வளர்ந்து கடலுக்குச் சென்று முட்டையிடும்.

இத்தகைய காட்சியைக் கண்டு மகிழ வேண்டிய இடத்தில், வலையும் பறியும் கட்டி வழிமறிப்போரும் உளர். ‘மழை தந்த உணவை ஏழை எடுத்துண்பது குற்றமா?’ என்று அவர்கள் கேட்கலாம். உண்பது குற்றமன்று, காலம் அறியாது பிடிப்பதே குற்றம். முட்டை நிறைந்த ஒரு மீனைப் பிடிப்பவர், வருங்காலத்துப் பல்லாயிரம் மீன்களையும் அதனோடு அழிக்கின்றார்.

காலம் அறிந்து பிடிக்கும் முறையை மேலூர், சிவகங்கைப் பகுதிச் சிற்றூர்கள் காட்டுகின்றன. அறுவடை முடிந்து, கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா நிகழும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த மக்கள் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி ஒருங்கே நீரில் இறங்குவர். கிடைத்த மீனை விற்காமல் வீட்டிற்குக் கொண்டு சென்று சமைப்பர். அம்மீன்கள் முட்டையிட்டு முடித்தவை. அந்நீரும் வற்றப் போவது. ஆகவே எவர்க்கும் இழப்பில்லை.

ஆனால், வற்றிய கண்மாய்க்கு மறு ஆண்டு மீன் எங்கிருந்து வரும்? ஆற்று மடுக்களிலும் வற்றாத நீர்நிலைகளிலும் எஞ்சியவையே புதுவெள்ளத்தில் ஏறி வருதல் வேண்டும். மழைக்காலத்தில் வழியை மறிப்பவர் கோடைத் திருவிழாவையே மறிப்பவர் ஆவர்.

வலை மட்டுமன்று, சுவரும் தடையாகும். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் உயரம் 111 அடி. அதனை எந்த மீனும் தாவ இயலாது. உழவுக்கு உயிரான அணையை நீக்குதல் ஒண்ணாது. எனினும், சிற்றூர்க் கலிங்குகளைச் செங்குத்தான சிமெண்டுச் சுவராகக் கட்டாமல், கரடுமுரடான கற்கள் பதித்த சரிவாகக் கட்டலாம். நீரும் வழியும், மீனும் ஏறும். பிறநாட்டார் அணைகளில் மீன்களுக்கெனப் படிகளே கட்டியுள்ளனர்.

மழை ஓய்ந்த நாளில் மாணவர் ஆசிரியருடன் சென்று, கரைமேல் பாதுகாப்பாக நின்று இக்காட்சியைக் காணல் வேண்டும். வீழ்ந்தும் தளராத முயற்சியை அச்சிற்றுயிர்கள் கற்பிக்கும். பாண்டியர் மீனைத் தம் கொடியில் ஏற்றினர். அம்மீன் கலிங்கில் ஏறவும் வழிவிடுதல் பாண்டிநாட்டு மக்களின் கடமையன்றோ?